பல்கலைக்கழகத்திற் புவியியல்: ஒரு பட்டப் படிப்பின் வரலாறு

மலைகளின் உயரத்தையும், ஆறுகளின் நீளத்தையும், தலைநகரங்களின் பெயர்களையும் மனனஞ் செய்வதற்குப் பல்கலைக்கழகத்தில் மூன்றாண்டு நான்காண்டு தங்கியிருத்தல் வேண்டுமா? உயர்தர வகுப்பிற் புவியியல் பயிலும் மாணவரின் பெற்றோர் ஆசிரியரிடம் இவ்வாறு வினவுவதுண்டு. வினா எளிமையானதெனினும் புதியதன்று. உலகப் புகழ் வாய்ந்த பல்கலைக்கழகங்களின் ஆட்சிக் குழுக்களும் இதனைத் தமக்குள் எழுப்பி, நெடுங்காலம் வழக்காடியிருக்கின்றன. ஒரு கழகம் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் தயங்கிய பின்னர்ப் புவியியற்குச் சிறப்புப் பட்டம் வழங்க இசைந்தது. பிறிதொரு கழகம் இருந்த துறையையே மூடிவிட்டது. இவ்வழக்கின் வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வாம்.

இக்காலப் புவியியல் பல்கலைக்கழகப் பாடமாக முதற்கண் வேரூன்றியது யேர்மனியிலாகும். 1820ஆம் ஆண்டு காள் றிற்றர் பேர்லின் பல்கலைக்கழகத்திற் புவியியல் கற்பிக்க நியமிக்கப்பட்டார். அதே நகரில் 1827, 1828ஆம் ஆண்டுகளில் அலெக்சாந்தர் வொன் ஹம்போல்ற் நிகழ்த்திய விரிவுரைகள் கற்றோரையும் மற்றோரையும் ஒருங்கே கவர்ந்தன. இவ்விரு பேரறிஞரும் 1859ஆம் ஆண்டிலேயே மறைந்தனர். அதன் பின் சிறிது காலம் அத்துறை தளர்வுற்றது. 1874இற் பிரசிய அரசு தனது பல்கலைக்கழகங்களிற் புவியியற் பேராசிரியர் பதவிகளை நிறுவத் தீர்மானித்த பின்னரே அது மீண்டும் தலை நிமிர்ந்தது.

இங்கிலாந்தின் நிலையோ வேறு. உலகின் பெரும்பகுதியைக் கடலளந்தும் நிலமளந்தும் படமாக்கிய அந்நாட்டிற் புவியியற்குப் பல்கலைக்கழகத்தில் இடமிருக்கவில்லை என்பது வியப்புக்குரியது. 1830இல் நிறுவப்பெற்ற அரச புவியியற் கழகம் நாடுகாண் பயணிகளுக்குப் பொருளுதவி புரிந்தது, பதக்கங்கள் சூட்டிற்று. அக்கழகத்தின் முதற் செயலாளரான அலெக்சாந்தர் மக்கொனொக்கி என்னும் கடற்படை அலுவலர் 1833இல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிற் புவியியற் பேராசிரியரானார். ஆயின் 1836இல் அவர் தஸ்மானியா நோக்கிக் கப்பலேறியதும் அப்பதவியும் அவருடன் போயிற்று. 1903ஆம் ஆண்டு வரை அக்கல்லூரியில் அத்துறைக்கு வேறொரு பேராசிரியர் அமர்த்தப்படவில்லை.

இக்குறையை உணர்ந்த அரச புவியியற் கழகம், புவியியற் கல்வியின் நிலையை ஆராயுமாறு யோன் ஸ்கொற் கெல்ற்றி என்பாரை 1884இல் நியமித்தது. அவர் ஐரோப்பிய நாடுகளுக்குச் சென்று, பாடசாலைகளையும் பல்கலைக்கழகங்களையும் கண்டு, தேசப்படங்களையும் பாடநூல்களையுந் திரட்டி, அடுத்த ஆண்டில் அறிக்கை சமர்ப்பித்தார். யேர்மனியோடு ஒப்பிடுமிடத்து இங்கிலாந்து வெகுவாகப் பின்தங்கியிருந்தமை அவ்வறிக்கையால் வெளிப்பட்டது.

அவ்வேளையிற்றான் ஹல்போட் மக்கின்டர் என்னும் இளைஞர் அரங்கினுட் புகுந்தார். 1861இற் பிறந்த அவர் ஒக்ஸ்போட்டில் இயற்கை விஞ்ஞானமும் பின்னர் வரலாறும் பயின்றவர். ஊரூராகச் சென்று பொதுமக்களுக்குப் ‘புதிய புவியியல்’ பற்றி விரிவுரை ஆற்றி வந்தவர். 1887 சனவரியில், இருபத்தைந்து வயதில், அரச புவியியற் கழகத்தின்முன் புவியியலின் எல்லையும் முறையும் பற்றிய தமது கட்டுரையைப் படித்தார். இயற்கை விஞ்ஞானங்கள் ஒருபுறமும் மனிதரைப் பற்றிய கல்வி மறுபுறமுமாகப் பிளவுபட்டு நிற்கின்றன. அப்பிளவின் மீது இடப்படும் பாலமே புவியியல் என்பது அவர் கொள்கையின் சாரம். கடலோடிகள் சிலருக்கு இக்கொள்கை சுவைக்கவில்லையாயினும், அவ்வாண்டிலேயே ஒக்ஸ்போட்டில் விரிவுரைப் பதவியொன்று ஏற்படுத்தப்பட்டு, அதில் மக்கின்டர் அமர்த்தப்பட்டார். ஊதியத்திற் பாதியைப் புவியியற் கழகமே அளித்தது.

அவர் ஒக்ஸ்போட்டில் ஆற்றிய முதல் விரிவுரைகளுள் ஒன்றுக்கு மூவரே வந்திருந்தனர் என்று பிற்காலத்தில் அவரே நினைவுகூர்ந்தார். ஒருவர், பயண வழிகாட்டி நூலொன்றை முற்றாகப் படித்துவிட்டமையாற் சுவிற்சலாந்தின் புவியியலைத் தாம் அறிவதாகக் கூறிய ஆசிரியர். ஏனைய இருவரும் கம்பளி நூல் பின்னியவாறு கேட்டிருந்த பெண்மணிகள். இதனைக் கேட்டு நகைப்பது எளிது. காரணத்தை ஆராயின் நகைப்பு அடங்கும். புவியியற்கெனப் பரீட்சை இல்லை. பரீட்சை இல்லையாதலின் பட்டம் இல்லை. பட்டம் இல்லையாதலின் மாணவர் இல்லை. மாணவர் இல்லாத பாடத்திற்குப் பட்டம் எதற்கு என்று கழகத்தார் கேட்டனர். இவ்வட்டத்தை உடைத்தவர் யாவர் என்பதே நாம் கருத்தூன்ற வேண்டிய செய்தியாகும்.

அதனை உடைத்தவர் பாடசாலை ஆசிரியர்களே. 1893இல் ஆசிரியர் சிலர் மக்கின்டரோடு ஒக்ஸ்போட்டிற் கூடிப் புவியியற் சங்கம் என்னும் அமைப்பைத் தொடங்கினர். வகுப்பிற் காட்டுதற்கேற்ற விளக்குப் படங்களைத் தமக்குள் பரிமாறிக் கொள்ளுதலே அதன் தொடக்க நோக்கம். 1899இல் ஒக்ஸ்போட்டிற் புவியியற் கல்விக்கூடம் திறக்கப்பட்டது. மக்கின்டர் கெனியா மலையின் சிகரத்தை முதன்முதலாக அடைந்ததும் அவ்வாண்டிலாம். கல்விக்கூடம் டிப்ளோமா ஒன்றை வழங்கிற்று. ஆசிரியர்களுக்கு விடுமுறைக்கால வகுப்புக்களையும் நடத்திற்று. அங்குப் பணியாற்றிய ஹேபேட்சன், உலகினை இயற்கைப் பிரதேசங்களாக வகுத்துக் காட்டிய தமது புகழ்பெற்ற கட்டுரையை 1905இல் வெளியிட்டார். நம் பாடநூல்களில் இன்றுங் காணும் மத்தியதரைப் பிரதேசம், பருவக்காற்றுப் பிரதேசம் முதலாய பகுப்புக்கள் அவ்வழி வந்தவையே.

1902ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தால் இடைநிலைப் பாடசாலைகள் பெருகின. 1904ஆம் ஆண்டு விதிகள் அவற்றிற் புவியியலைக் கட்டாய பாடங்களுள் ஒன்றாக்கின. கற்பிக்க ஆசிரியர் வேண்டும். ஆசிரியரைப் பயிற்றப் பல்கலைக்கழகம் வேண்டும். இத்தேவையால் முன்வந்தோருள் ஈவா ரெய்லர் அம்மையார் குறிப்பிடத்தக்கவர். இரசாயனவியலிற் பட்டம் பெற்று ஆசிரியையாக இருந்த அவர், ஒக்ஸ்போட் டிப்ளோமாவை 1908இற் பெற்றார். 1930இல் இலண்டன் பேக்பெக் கல்லூரியிற் பேராசிரியராகி, பிரித்தானியாவின் முதலாவது பெண் புவியியற் பேராசிரியர் என்னும் சிறப்பை எய்தினார்.

முதலாம் உலகப் போர் தேசப்படத்தின் பெறுமதியை அரசினருக்கு உணர்த்திற்று. 1917இல் லிவர்ப்பூலிலும், அடுத்த ஆண்டில் இலண்டனிலும் சிறப்புப் பட்டப் படிப்புத் தொடங்கியது. கேம்பிரிட்ஜ் 1919இற் புவியியற் பட்டப் பரீட்சையை ஏற்படுத்தியது. மூவருக்கு விரிவுரை நிகழ்ந்த ஒக்ஸ்போட்டோ 1930இலேயே சிறப்புப் பட்டத்திற்கு இசைந்தது. 1887 முதல் எண்ணின் நாற்பத்து மூன்று ஆண்டுகள் கழிந்தன.

அவ்வாறு சேர்ந்த மாணவர் கற்றவை யாவை? நில அளவையும் படம் வரைதலும், நிலவுருவங்களின் தோற்றம், காலநிலை, குடியிருப்பு, பொருளாதாரம், பிரதேச ஆய்வு என்பன பாடங்களாயின. இவற்றின் மேலாக, காலால் நடந்து கண்ணாற் காணும் வெளிக்கள ஆய்வு இன்றியமையாததாயிற்று. கேம்பிரிட்ஜின் முதற் புவியியற் பேராசிரியராக 1931இற் பதவியேற்ற பிராங் டெபன்ஹம், கப்டன் ஸ்கொற்றின் தென்துருவப் பயணக் குழுவிற் பணியாற்றிய புவிச்சரிதவியலாளர். அளவைக் கருவியைக் கையிலெடாது புவியியல் கற்றல் இயலாதென்பது அத்தகையோர் வகுத்த மரபு.

இம்மரபின் பெரும்பயன் டட்லி ஸ்ராம்ப் என்பவரால் விளைந்தது. அவர் 1923 முதல் 1926 வரை பர்மாவில் இரங்கூன் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராயிருந்து, பின் இலண்டனுக்கு மீண்டவர். 1930இல் அவர் தொடங்கிய நிலப் பயன்பாட்டு அளவையிற் பிரித்தானியாவின் ஒவ்வொரு வயலும், தோட்டமும், காடும் படத்திற் குறிக்கப்பட்டன. குறித்தோர் பெரும்பாலும் பாடசாலை மாணவரும் ஆசிரியரும் பல்கலைக்கழக மாணவருமே. ஒரு மைலுக்கு ஆறங்குலமான படங்களைக் கையிலேந்தி அவர்கள் வயல்வரம்புகளில் நடந்தனர். அவர்கள் திரட்டியவை ஒரு மைலுக்கு ஓரங்குலமான படங்களாக அச்சேறின: உழுநிலம் கபில நிறம், புல்நிலம் இளம்பச்சை, காடு கரும்பச்சை. இரண்டாம் உலகப் போரில் உணவு விளைவிக்க நிலந்தேடிய அரசினருக்கு இப்படங்கள் கைகொடுத்தன. மாணவரின் வீட்டுவேலை நாட்டின் உணவு வேலையாயிற்று என்னலாம்.

எனினும் வழக்கு முடிந்தபாடில்லை. 1948இல் ஐக்கிய அமெரிக்காவின் ஹாவாட் பல்கலைக்கழகம் தனது புவியியற் கல்வியை நிறுத்தத் தீர்மானித்தது. புவியியல் பல்கலைக்கழகத்திற்குரிய பாடமன்று என்பது அப்போதைய தலைவர் யேம்ஸ் கொனன்ற் அவர்களின் கருத்தென்பர். பணமுடை ஒரு காரணம். புவிச்சரிதவியலாளரின் எதிர்ப்பு மற்றொரு காரணம். இவற்றினும் பெரிய காரணம் ஒன்றுண்டு. உங்கள் பாடத்தின் எல்லை யாது என்று வினவப்பட்டபோது, புவியியலாளர் ஒருமித்த விடை கூறவில்லை. ஹாவாட்டிலே பயின்று புவியியலாளராய்ப் புகழெய்திய ஐசேயா போமன் அக்காலத்தில் வேறொரு பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தார். அவராலும் துறையைக் காத்தல் இயலவில்லை. பாலமென்று புகழப்பட்டது எக்கரைக்கும் உரித்தன்றென ஒதுக்கப்பட்டது.

இதன் பின்கதை சுவையானது. அதே ஹாவாட்டில், 1965இல், கட்டட அமைப்புக் கலை சார்ந்த பிரிவொன்றிற் கணினியாற் படம் வரையும் ஆய்வுகூடம் தோன்றியது. இன்று புவியியல் தகவல் முறைமை என வழங்கும் தொழினுட்பத்தின் தொட்டில்களுள் அதுவும் ஒன்று. 2006இல் அப்பல்கலைக்கழகம் புவியியற் பகுப்பாய்வு நிலையமொன்றையும் நிறுவிற்று. வாயிலால் வெளியேற்றப்பட்டது சாளரத்தால் உட்புகுந்தது. ஆயினும் மூடப்பட்ட துறை மீண்டும் துறையாகத் திறக்கப்படவில்லை.

இனி நம் நாட்டிற்கு வருவாம். 1921இற் கொழும்பில் அமைந்த பல்கலைக்கழகக் கல்லூரி இலண்டன் பட்டங்களுக்கே மாணவரை ஆயத்தஞ் செய்தது. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உதயமானதும் புவியியற்கும் அதில் இடங் கிடைத்தது. 1974இல் யாழ்ப்பாண வளாகம் தோன்றியபின் வடபுல மாணவருக்கு வழி அண்மையதாயிற்று. நமது வரண்ட வலயக் குடியேற்றத் திட்டங்களைப் பற்றி 1957இல் விரிவான நூல் எழுதியவர் பாமர் என்னும் கேம்பிரிட்ஜ்ப் புவியியலாளர். குளம், மண், மழை, குடியானவன், அரசு என்பவற்றை ஒருங்கே நோக்கும் அந்நூல், மக்கின்டர் கூறிய பாலம் வெறும் உவமையன்று என்பதற்குச் சான்று.

யான் வெளிவாரி மாணவனாகப் பட்டம் பெற்றவன். பகலிற் கற்பித்து, இரவிற் கற்றேன். ஆற்றுச் சிறை பற்றியும் ஆற்று வளைவுகள் பற்றியும் படங்களுடன் விடை எழுதித் தேறினேன். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறொன்றின் கரையில் அதுவரை ஒரு நாழிகையேனும் நின்று நோக்கியவனல்லேன். நம் குடாநாட்டில் அத்தகைய ஆறு இல்லை. பின்னொரு காலத்தில் மாணவரை அழைத்துக்கொண்டு பேராதனையில் மகாவலிக் கரையில் நின்றபோது, ஒரு மாணவன், “சேர், மணல் ஏன் இந்தப் பக்கத்தில் மட்டும் கிடக்கிறது?” என்று கேட்டான். வளைவின் வெளிப்புறத்தில் நீரோட்டம் விரைந்து அரிக்கும். உட்புறத்திற் தளர்ந்து படிவிக்கும். பலமுறை எழுதிய அவ்விடையை அன்றுதான் யான் கண்ணாற் கண்டேன். பட்டம் கையிலிருந்தது, பாடம் அன்று தொடங்கிற்று.

ஆதலின் புவியியற் பட்டத்தை நாடும் மாணவருக்கு இவ்வரலாறு கூறுவன இரண்டு. முதலாவது, இப்பட்டம் மேலோர் மனமுவந்து அளித்த கொடையன்று. வகுப்பறையின் தேவையறிந்த ஆசிரியர் கேட்டுப் பெற்றது. இரண்டாவது, நிலத்தை நேரிற் கண்டு, அதனால் நாட்டிற்குப் பயன் விளைத்த இடங்களில் இப்பாடம் மதிப்புப் பெற்றது. தன் இயல்பை எடுத்துரைக்க இயலாத இடத்தில் அது வீழ்ந்தது.

நமக்கோ ஆய்வுக்களம் வாயிலிலேயே இருக்கின்றது. குடாநாட்டின் சுண்ணக்கல்லின் கீழே உவர்நீரின் மேல் நன்னீர் மெல்லிய வில்லையாக மிதக்கின்றது. அளவுக்கு மிஞ்சி இறைப்பின் கிணறு உவராகும். பசளை மிஞ்சின் நைத்திரேற்று நீரிற் கலக்கும். நிலாவரையையும் கீரிமலையையும் வழுக்கியாற்றையும் படத்திற் குறித்து, தன் ஊர்க் கிணறுகளின் நீர்மட்டத்தை மாரியிலுங் கோடையிலும் அளந்து எழுதும் மாணவன், மலைகளின் உயரத்தை மனனஞ் செய்பவனல்லன். பெற்றோர் கேட்கும் வினாவுக்கு அவனது குறிப்பேடே விடையாகும்.