நிலப்படத்தில் பெயருக்கு உரிய இடம்: பழவேற்காட்டுக் கரையிலிருந்து ஓர் ஆராய்ச்சி

பழவேற்காட்டு ஏரிக்கரையில், ஒல்லாந்தர் 1613-ஆம் ஆண்டில் எழுப்பிய கெல்டிரியா கோட்டையின் சிதைவுகளுக்கு அருகே, கோட்டை என்னும் சொல்லைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்கும் கோட்டைக்குப்பம் என்ற மீனவர் ஊரைப் படத்தில் குறிக்கப் புகுபவருக்கு, ஊர் எங்கே இருக்கிறது என்பதை அளவைக் கருவி ஐயமறச் சொல்லிவிடும். ஊரின் பெயரை எங்கே எழுதுவது என்பதை மட்டும் அது சொல்லாது. கரைப்பக்கம் எழுதினால் தெருக்களோடும் வீடுகளோடும் மோதும். நீர்ப்பக்கம் எழுதினால் ஏரி அந்த ஊருக்கே உரியது போலத் தோன்றும். இரண்டுக்கும் நடுவே எழுதினாலோ கரைக்கோடே எழுத்தின் அடியில் மறைந்துபோகும். படத்தில் பெயர் நிற்கும் ஸ்தானம் அலங்காரத்தைச் சேர்ந்ததன்று, அளவையைச் சேர்ந்தது என்பதும், அந்த ஸ்தானத்தை ஒவ்வொரு காலத்திலும் நிர்ணயித்தவர் படத்தைக் கையிலெடுத்துப் பயன்படுத்தியவரே என்பதும் இக்கட்டுரையின் கொள்கை.

மத்தியதரைக் கடலில் உருவான போர்த்தோலான் என்னும் பழைய மாலுமிப் படங்களில், துறைமுகங்களின் பெயர்கள் கரைக்கோட்டுக்குச் செங்குத்தாக, நிலத்தின் பக்கமாகவே எழுதப்பட்டன. பாறையும் காற்றுத் திசையும் குறிக்கப்பட வேண்டிய நீர்ப்பரப்பை எழுத்து அடைத்துக்கொள்ளலாகாது என்பது அவர்கள் கண்ட நியாயம். கரை வளைய வளையப் பெயர்களும் உடன் திரும்பும். படிப்பவரும் படத்தைத் திருப்பித் திருப்பியே படிப்பார். கப்பல் தளத்தில் விரித்த படத்துக்கு மேல் கீழ் என்பது கிடையாது. சோழமண்டலக் கரைக்கு வந்த ஐரோப்பிய மாலுமிகளின் கையிலிருந்த கடற்படங்களில் இந்தச் சம்பிரதாயத்தின் சாயல் நெடுங்காலம் நீடித்தது.

ஒல்லாந்தரோடு செய்துகொண்ட 1824-ஆம் ஆண்டு உடன்படிக்கையின் பயனாகப் பழவேற்காடு மறு ஆண்டில் ஆங்கிலேயர் வசமானபோது, நிலத்தைப் பார்க்கும் பார்வையும் அதனோடு மாறிற்று. மைக்கேல் டாப்பிங் 1794-இல் சென்னையில் அளவைப் பள்ளியை நிறுவியதும், வில்லியம் லாம்டன் 1802-இல் பரங்கிமலைக்கருகே அடிக்கோடு அளந்ததும் அதற்கு முன்னரே நிகழ்ந்திருந்தன. ஆயினும் குடியானவனின் வயலைத் தனித்தனியே அளந்து எண்ணிடும் வேலை, 1858-இல் வருவாய் அளவைத் துறை ஏற்பட்ட பிறகே சென்னை மாகாணத்தில் முறையாக நடந்தது. அந்த வேலையில் பிறந்ததே சர்வேயர்கள் எப்.எம்.பி. என்று சொல்லும் புலப்படம்.

ஒரு புலப்படத்தை அருகில் வைத்துப் பார்த்தால், எழுத்தை நிறுத்துவதில் எவ்வளவு சிரத்தை இருந்தது என்பது விளங்கும். எல்லைக் கற்களுக்கு எண். கல்லுக்குக் கல் இழுத்த ஜி கோட்டின் மீது தூரம். அக்கோட்டிலிருந்து வளைவெல்லைக்கு எடுத்த ஆப்செட்டின் மேல் அதன் அளவு. புலத்தின் நடுவே சர்வே எண். சுற்றிலும் பக்கத்துப் புலங்களின் எண்கள். அறுபத்தாறு அடிச் சங்கிலியில் நூறு லிங்க்காக அளந்த காலத்திலும், பின்னர் மீட்டருக்கு மாறிய காலத்திலும், எண் எந்தக் கோட்டுக்கு உரியதோ அதை ஒட்டியே நிற்க வேண்டும் என்ற நியதி மாறவில்லை. ஓர் எண் பக்கத்துக் கோட்டின்மேல் சாய்ந்து விழுந்தால், நாளை எல்லைக்கல்லைத் தேடி வரும் சர்வேயர் தவறான தூரத்தில் கடப்பாரையைப் போடுவார். வரப்புத் தகராறு பல அங்கேதான் முளைக்கிறது. வரைவாளர் இதற்கென இலக்கணம் எதையும் ஏட்டில் படித்ததாகத் தெரியவில்லை. மூத்தவர் கையைப் பார்த்தே இளையவர் கற்றார்.

அந்தக் கைப்பழக்கத்தைச் சாஸ்திரமாக்கியவர் சுவிட்சர்லாந்துக்காரரான எடுவார்ட் இம்ஹோஃப். 1962-இல் ஜெர்மனிலும், 1975-இல் ஆங்கிலத்திலும் வெளிவந்த அவருடைய கட்டுரை, பெயர்களைப் படத்தில் எவ்வாறு அமைப்பது என்பதை விதி விதியாக எடுத்துரைத்தது. கரையோர ஊரின் பெயரை நீரின்மேல் எழுதுக, கரைக்கோட்டை எழுத்தால் வெட்டாதிருக்க என்பது அவற்றுள் ஒன்று. போர்த்தோலான் வரைந்தவன் எந்தப் பக்கத்தைத் தவிர்த்தானோ அந்தப் பக்கத்தையே இவர் தேர்ந்தார். முரண்பாடு போலத் தோன்றினும், மாலுமிக்கு நீர் வேலைக்களம், தரைப்படம் படிப்பவனுக்கு நீர் வெற்றிடம் என்று உணர்ந்தால் இரண்டும் ஒரே நியாயத்தின் இரு பக்கங்களே.

இவ்விதிகளைக் கணிப்பொறிக்குக் கற்பிக்கும் முயற்சியை நிலப்பட அறிஞரான பின்ஹாஸ் யோயலி 1972-இல் தொடங்கினார். ஒவ்வொரு புள்ளிக்கும் சுற்றிலும் நான்கே இடங்கள் என்று வைத்துக்கொண்டாலும், இருபது பெயர்களுக்கு ஒரு லட்சம் கோடிக்கும் மேற்பட்ட அமைப்புகள் உண்டாகின்றன. அவற்றுள் ஒன்றோடொன்று மோதாத அமைப்பைக் கண்டறிய விரைவான பொதுவழி எதுவும் கைக்கு எட்டாது எனக் கருதத்தக்க கடினமான கணக்குகளின் வகையில் இதுவும் சேர்ந்தது என்பதை 1991-இல் கணிப்பொறியியல் அறிஞர்கள் நிறுவினர். வரைவாளர் ஒரு பார்வையில் தீர்த்ததற்குள் இத்தனை கடினம் ஒளிந்திருந்தது என்பதை எண்ணும்போது, அவர் கைமீது நமக்கு மதிப்பு கூடுகிறது.

1982-இல் ஆட்டோகேட் என்னும் வரைவு மென்பொருள் வெளிவந்து, அதன்மேல் நில அளவை மென்பொருள்கள் பல எழுந்தபோது, எழுத்துக்கு ஒரு நிலைப்புள்ளி வேண்டியதாயிற்று. மேல், நடு, கீழ் என்னும் மூன்றும், இடம், மையம், வலம் என்னும் மூன்றும் கூடி ஒன்பது நிலைகள் பிறந்தன. கிழக்கிலிருந்து மேற்காக இழுத்த கோட்டின்மேல் எழுத்தை அப்படியே வைத்தால் அது தலைகீழாகும். ஆதலால் மென்பொருள் அதனை அரைவட்டம் திருப்புகிறது. நிலைப்புள்ளி எழுத்தின் நடுமையத்தில் இல்லாவிட்டால், திருப்பிய மாத்திரத்தில் கோட்டுக்கு மேலிருந்த எழுத்து கீழே போகும், தொடக்கத்திலிருந்து முன்னே படர வேண்டியது பின்னே படரும். நீரின் ஆழத்தைக் குறிக்கும் படத்திலோ இது இன்னும் நுட்பமான விஷயம். அங்கே எண்ணின் மையமே அளந்த இடம். 1:5000 அளவுள்ள ஏரிப்படத்தில், நான்கு மில்லிமீட்டர் அகலமுள்ள ஓர் எண்ணை நடுவில் நிறுத்தாமல் இடப்பக்க விளிம்பில் நிறுத்தினால், படிப்பவர் கண்ணில் ஆழம் பத்து மீட்டர் நகர்ந்துவிடும். முகத்துவாரத்தில் மணல் மேடிடும் பழவேற்காட்டில், பத்து மீட்டர் என்பது படகு மிதப்பதற்கும் தரைதட்டுவதற்கும் உள்ள வித்தியாசமாகக்கூடும்.

தமிழ் எழுத்துக்கு வந்த சோதனை வேறு வகையானது. கோட்டைக்குப்பம் என்னும் பெயரைக் கண் எட்டு எழுத்தாகக் காண்கிறது. யூனிகோடு முறையில் கணிப்பொறி அதனைப் பதினைந்து குறிகளாக எண்ணுகிறது. குறிகளின் எண்ணிக்கையைக் கொண்டு நடுவைக் கணக்கிடும் மென்பொருள் பெயரைத் தவறான இடத்திலேயே நிறுத்தும். எழுத்துகளை இணைத்துக் காட்டும் ஆற்றலில்லாத மென்பொருளிலோ, டகரத்துக்கு முன் நிற்க வேண்டிய ஐகாரக் கொம்பு பின்னே போய் அடுத்த ககரத்தோடு ஒட்டிக்கொள்ள, ஊரின் பெயரே உருக்குலையும். மேலே புள்ளியும் கீழே உகரச் சுழியும் உடைய நம் எழுத்து, உரோமன் எழுத்தைக் கருதி வகுத்த உயரத்துக்குள் அடங்குவதும் இல்லை. தமிழக அரசு 2010-இல் யூனிகோடை அங்கீகரித்த பின் இத்துன்பங்கள் குறைந்தன; தேசிய தகவலியல் மையம் உருவாக்கிய கொலாப்லேண்ட் மென்பொருளின் வாயிலாகப் பழைய புலப்படங்கள் கணிப்பொறிக்குள் ஏறின. சிதைந்துகொண்டிருந்த காகிதத்திலிருந்து அவற்றைக் காப்பாற்றியது பெரும் உபகாரம் என்றே சொல்வேன்.

எனினும் ஒரு குறை எஞ்சி நிற்கிறது. கோட்டைக்குப்பம், நடூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்களின் மீனவர், ஏரியின் நீர்ப்பரப்பைப் பாடு என்னும் வலைவிடும் இடங்களாக வகுத்து, தலைக்கட்டு வரிசைப்படி முறைவைத்து உரிமையைப் பங்கிட்டு வந்திருக்கின்றனர். ஒவ்வொரு பாட்டுக்கும் பெயருண்டு. யாருக்கு எந்த நாளில் எந்தப் பாடு என்பதில் ஊருக்கு ஐயமில்லை. அந்தப் பெயர்களுக்கு நிற்கக் கல்லில்லை, சர்வே எண்ணில்லை. நிலக்கணக்கில் நீர்நிலை என்பது புறம்போக்கு என்னும் ஒரு சொல்லில் அடங்கிவிடுகிறது. இம்ஹோஃப் வகுத்த விதியைப் பின்பற்றி மென்பொருள் கோட்டைக்குப்பத்தின் பெயரை நீர்ப்பக்கமாக நகர்த்துமானால், வெற்றிடம் என்று அது கருதி எழுத்தைப் பரப்பும் இடம், அவ்வூர்க்காரர் முறைவைத்து வலை கட்டும் பாட்டின் மேலாகவே இருக்கக்கூடும்.