கொல்லாமையும் சோறும்: காரைக்கால் கடற்கரையில் ஓர் அறத்தின் வரலாறு

திருமலைராயன்பட்டினம், காரைக்காலுக்கும் நாகூருக்கும் நடுவில் வங்கக் கடலோரம் அமைந்த ஊர். 15ஆம் நூற்றாண்டில் இப்பகுதியை ஆண்ட திருமலைராயனின் பெயரைத் தாங்கியது. காளமேகப் புலவரின் கதைகளோடு சேர்த்துத் தமிழர் நினைவில் நிற்பது. மேற்கே காவிரியின் கிளையாறுகள் பாயும் நெல்வயல்கள். கிழக்கே பட்டினச்சேரி மீனவர் குடியிருப்பு. சோறும் மீனும் இக்கரையின் அன்றாட உணவு. இத்தகைய ஊர்கள் நிறைந்த கடைமடையில்தான், எவ்வுயிரையும் கொல்லாமல் உண்டு வாழ வேண்டும் என்ற நெறியும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் பேசப்பட்டும் கடைப்பிடிக்கப்பட்டும் வந்திருக்கிறது. பசித்தவருக்குச் சோறிடும் கடமையோடு சேர்ந்து நின்றபோது அந்நெறி பரவியது. உயர்குலத்தின் அடையாளமாக ஒதுங்கியபோது சுருங்கியது.

சமணரும் பௌத்தரும்

தமிழில் புலால் மறுப்பைத் தனி அறமாக வகுத்துச் சொன்ன நூல்களில் முதன்மையானது திருக்குறள். அதன் 26ஆம் அதிகாரம் புலால் மறுத்தல். 33ஆம் அதிகாரம் கொல்லாமை. இரண்டும் துறவறவியலில் வைக்கப்பட்டவை. ஆயினும் வள்ளுவரின் வாதம் துறவியோடு நிற்பதில்லை. தின்பதற்காக வாங்குவோர் இல்லையென்றால் விற்பதற்காகக் கொல்வோரும் இருக்கமாட்டார் என்று அவர் சொல்லும்போது, பொறுப்பு கசாப்புக் கடைக்காரரிடமிருந்து வாங்குபவரிடம் வந்துசேர்கிறது. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. கிடைத்த உணவைப் பகிர்ந்து உண்டு பல உயிர்களையும் பேணுவதே அறங்களுள் தலையானது என்ற கருத்தை வள்ளுவர் கொல்லாமை அதிகாரத்திலேயே வைத்தார்.

இந்த இணைப்பைக் கதையாக்கியது மணிமேகலை. அதன் களம் காரைக்காலுக்கு வடக்கே உள்ள காவிரிப்பூம்பட்டினம். வேள்வியில் பலியிடக் கட்டிவைத்த பசுவைக் காப்பாற்றியதற்காக ஊராரால் துரத்தப்பட்ட ஆபுத்திரனிடம்தான் அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி முதலில் சேர்கிறது. பின்பு அது மணிமேகலையின் கைக்கு வர, அவள் பசித்தோர்க்கெல்லாம் சோறிட்டுச் சிறைக்கூடத்தை அறக்கோட்டமாக மாற்றுகிறாள். அதே காப்பியத்தில் நாகர் தீவில் கரையேறும் சாதுவன், அங்குள்ளோரிடம் முற்றாகப் புலால் விடும்படி கேட்பதில்லை. மூத்துத் தானாக இறந்த விலங்குகளை மட்டும் உண்ணுங்கள், கொலையை விடுங்கள் என்கிறான். வேறு உணவு அறியாத மக்களிடம் அவர்களால் இயன்ற முதல் படியைச் சொன்ன பேச்சு அது.

கொல்பவன் வேறு, உண்பவன் வேறு என்றால் உண்பவனுக்குப் பாவம் உண்டா என்ற கேள்வியில் சமணரும் பௌத்தரும் பிரிந்தனர். சமணக் காப்பியமான நீலகேசி, பிறர் கொன்ற ஊனை உண்ணலாம் என்ற பௌத்தர் நிலையை எடுத்துக்கொண்டு விரிவாக மறுக்கிறது. அந்நூலின் தொடக்கத்தில் வேறொரு செய்தியும் உண்டு. காளிக்கு நேர்ந்துகொண்ட உயிர்ப்பலியைத் தடுக்க வந்த முனிசந்திரர் என்ற சமண முனிவர், விலங்குகளுக்குப் பதிலாக மண்ணால் செய்த உருவங்களைப் படைக்கும்படி மக்களிடம் சொல்கிறார். நேர்த்திக்கடனும் நிறைவேறுகிறது, உயிரும் பிழைக்கிறது. பூசணிக்காயை வெட்டிக் குங்குமம் தடவிப் பலிக்கு ஈடாக வைக்கும் இன்றைய வழக்கமும் இதே முறையிலானது.

சமண இல்லறத்தாரின் ஒழுக்கத்தைச் சொல்லும் அருங்கலச்செப்பு, புலாலோடு கள்ளையும் தேனையும் விலக்குகிறது. தேனை விலக்கியதற்குக் காரணம், தேனெடுக்கையில் அழியும் உயிர்கள். தமிழ்ச் சமணர் பொழுது சாய்வதற்குள் உண்பதும் நீரை வடிகட்டிக் குடிப்பதும் இந்தக் கவனத்தின் தொடர்ச்சி. டெல்டாவில் அவர்களின் பழைய இருப்பிடங்களுள் ஒன்றான தீபங்குடி, திருவாரூர் மாவட்டத்தில் இன்றும் சமணக் கோயிலோடு விளங்குகிறது.

காரைக்கால் வட்டாரத்தில் பௌத்தம் வலுவாக இருந்ததற்குப் பெரியபுராணம் சான்று. திருஞானசம்பந்தர் திருநள்ளாற்றையும் திருத்தெளிச்சேரியையும் வழிபட்டபின் போதிமங்கை என்ற ஊரில் பௌத்தரோடு வாதிட்டார் என்று அது கூறுகிறது. திருத்தெளிச்சேரி இன்றைய காரைக்கால் கோவில்பத்து. தெற்கே நாகப்பட்டினத்தில், முதலாம் இராசராசன் காலத்தில் ஸ்ரீவிஜய மன்னர் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊர் தானமாக வழங்கப்பட்டது. அங்கு எஞ்சி நின்ற பழைய கோபுரம் 1867இல் இடிக்கப்பட்டது.

பக்தி இயக்கமும் கடலோர மக்களும்

சமணமும் பௌத்தமும் பின்வாங்கிய பின்னும் கொல்லாமை மறையவில்லை. சைவ, வைணவ மடங்களிலும் கோயில் மடைப்பள்ளிகளிலும் அது தங்கியது. புலால் உண்ணாதவரைச் சைவர் என்றும் அந்த உணவைச் சைவச் சாப்பாடு என்றும் அழைக்கும் அளவுக்கு வழக்கு ஊன்றியது. ஆனால் பக்தி மரபு ஒரே குரலில் பேசவில்லை. ஊனைப் படைத்த கண்ணப்பரும் அறுபத்துமூவரில் ஒருவர்.

இக்கரைக்கு நெருக்கமான அடியார்கள் இருவர். ஒருவர் காரைக்கால் அம்மையார். கணவன் அனுப்பிய மாங்கனிகளில் ஒன்றை, பசியோடு வந்த சிவனடியாருக்குச் சோற்றோடு படைத்த புனிதவதியின் செயலை, காரைக்காலில் ஆனி மாதத்து மாங்கனித் திருவிழா ஆண்டுதோறும் கொண்டாடுகிறது. மற்றவர் நாகப்பட்டினத்து நுளைப்பாடியைச் சேர்ந்த மீனவர் தலைவர் அதிபத்தர். நாள்தோறும் வலையில் முதலில் அகப்படும் மீனைச் சிவனுக்கென்று கடலிலேயே விட்டுவிடுவது அவர் நோன்பு. ஒரே மீன் கிடைத்த பஞ்ச நாட்களிலும் அதை விட்டுவிட்டுப் பட்டினி கிடந்தார் என்கிறது பெரியபுராணம். வாழ்வுக்காகப் பிடிப்பவரும் அளவறிந்து விட்டுக்கொடுக்க முடியும் என்பதைக் கடலோர மக்களுக்கு அவர்களுடைய தொழிலுக்குள்ளிருந்தே காட்டிய வரலாறு இது.

மாசிமகத்தன்று திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் தீர்த்தவாரிக்காகப் பட்டினச்சேரிக் கடற்கரைக்கு எழுந்தருள்கிறார். அவருடைய தேவியான பத்மினி நாச்சியார் மீனவர் குலத்துப் பெண் என்பது தலபுராணம். ஆகவே மீனவர்கள் பெருமாளைத் தங்கள் மாப்பிள்ளையாக வரவேற்கிறார்கள். புலால் படாத மடைப்பள்ளியின் தெய்வம் மீன்பிடி ஊரின் உறவினராகும் நாள் அது. உண்ணும் உணவைக் காரணம் காட்டி மனிதரை விலக்காத ஒரு பழைய வழி இக்கரையில் இருந்ததற்கு இவ்விழா சாட்சி.

கவுச்சி இல்லாத நாட்கள்

முழு ஆண்டும் சைவமாக வாழ்ந்தவர்கள் எப்போதும் சிறுபான்மையினரே. பெரும்பான்மை மக்களிடம் இந்நெறி நாள் கணக்கில் வாழ்ந்தது. ஊர்த் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினால் விழா முடியும்வரை வீடுகளில் கவுச்சி சமைப்பதில்லை. வெள்ளிக்கிழமை, அமாவாசை, புரட்டாசிச் சனி, ஐயப்பனுக்கு மாலை போட்ட நாட்கள், கத்தோலிக்கர் வீடுகளில் தவக்காலம் எனக் கணக்கிட்டால், ஆண்டில் கணிசமான நாட்கள் மீனும் இறைச்சியும் இன்றிக் கழிந்தன. இந்நாட்கள் தூய்மை, விரதம் என்ற எண்ணத்தில் எழுந்தவை. விலங்கின் மீதான இரக்கம் அவற்றுக்கு நேரடிக் காரணம் அல்ல. ஆனாலும் காய், கீரை, பருப்பு, புளி, எள், தேங்காய் ஆகியவற்றைக் கொண்டே நிறைவான சமையல் செய்யும் கைத்திறனை அவை ஒவ்வொரு வீட்டிலும் காப்பாற்றின.

உயிர்ப்பலியைச் சட்டத்தால் நிறுத்த முயன்றபோது விளைவு வேறாயிற்று. கோயில்களில் விலங்கு, பறவைப் பலியைத் தடைசெய்யும் சட்டம் சென்னை மாநிலத்தில் 1950இல் இயற்றப்பட்டது. 2003இல் தமிழ்நாடு அரசு அதைக் கடுமையாக நடைமுறைப்படுத்த முனைந்தது. கிராமத் தெய்வ வழிபாட்டில் தலையீடு என்று எதிர்ப்பு எழ, 2004இல் சட்டமே நீக்கப்பட்டது. மண்ணுருவம் தந்து மனம் மாற்றிய முனிசந்திரரின் வழிக்கும் ஆணையிட்ட இந்த வழிக்கும் உள்ள வேறுபாடு பெரிது.

வடலூரின் அடுப்பு

19ஆம் நூற்றாண்டில், காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தபோது, வடக்கே தென்னார்க்காட்டில் இந்நெறிக்குப் புது உயிர் தந்தவர் இராமலிங்க வள்ளலார் (1823–1874). கன்றை இழந்த பசுவுக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்ட திருவாரூர்ச் சோழனின் கதையை அவர் ‘மனுமுறைகண்ட வாசகம்’ என்ற உரைநடை நூலாக 1854இல் வெளியிட்டார். 1865இல் சன்மார்க்க சங்கத்தைத் தொடங்கினார். 1867 மே 23 அன்று வடலூரில் சத்திய தருமச்சாலையைத் திறந்தார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. வருவோரின் சாதி, மதம் அங்கே கேட்கப்படுவதில்லை.

உயிர்களின் துன்பம் கண்டு உருகுவதே வழிபாடு என்பது அவர் கொள்கை. துன்பங்களில் கொடியதாக அவர் கண்டது பசி. கொலையையும் புலாலையும் விட்டவர்களை அகவினத்தார் என்றும் விடாதவர்களைப் புறவினத்தார் என்றும் அவர் பிரித்தார். ஆனால் புறவினத்தாரின் பசியையும் போக்கியே ஆக வேண்டும் என்றார். 1872இல் அமைத்த சத்திய ஞானசபைக்குள் நுழையப் புலால் மறுத்திருக்க வேண்டும். தருமச்சாலையின் சோற்றுக்கு அத்தகைய நிபந்தனை இல்லை. சைவ உணவு சாதி உயர்வின் சான்றாக ஆகிவிட்டிருந்த காலத்தில் வள்ளலார் அதைச் சாதியிலிருந்து பிரித்து, பசித்தவரின் இலைக்கு முன் கொண்டுவந்து வைத்தார்.

இருபதாம் நூற்றாண்டில் அதே அக்கறை நாடாளுமன்றத்துக்கும் சென்றது. மாநிலங்களவை உறுப்பினரான ருக்மிணி தேவி அருண்டேல் விலங்குவதைத் தடுப்புக்காகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அதன் பயனாக 1960இல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. 1962இல் அமைந்த விலங்குநல வாரியத்துக்கு அவரே தலைவரானார்.

பால் என்னும் கேள்வி

தமிழ்ச் சைவ உணவு பாலையும் நெய்யையும் விலக்கியதில்லை. திருக்கண்ணபுரத்தின் புகழ்பெற்ற முனியதரையன் பொங்கல் அரிசி, பயத்தம்பருப்பு, நெய் சேர்ந்தது. பசு கன்றுக்குக் கொடுத்ததுபோக மிஞ்சியதே மனிதருக்கு என்பதும், காளைக்கன்று வளர்ந்து ஏர் உழும் என்பதும் இதற்குத் துணைநின்ற எண்ணங்கள். அப்போதும் மறைவான கொடுமைகள் இருந்தன: கன்று செத்தால் அதன் தோலில் வைக்கோல் திணித்துத் தாயின் முன் காட்டிக் கறந்தார்கள். கறவை மாடுகளுக்கு இழைக்கப்பட்ட கொடிய கறவை முறையை அறிந்த காந்தி 1912இல் பாலைக் கைவிட்டார். நோயுற்றபோது ஆட்டுப்பாலை ஏற்றதைத் தன் சபதத்தில் நேர்ந்த குறையாகவே கருதினார். 1944இல் டொனால்ட் வாட்சனும் நண்பர்களும் இங்கிலாந்தில் வீகன் சங்கத்தைத் தொடங்கி, பால், முட்டை, தேன், தோல், பட்டு என விலங்கிடமிருந்து எடுக்கும் அனைத்தையும் இயன்றவரை விலக்கும் வாழ்வுக்கு ஓர் அமைப்பைத் தந்தனர்.

டெல்டாவில் டிராக்டர் வந்து ஏர்மாடு போனபின் இக்கேள்வி கூர்மையடைந்தது. உழவில் இடமற்றுப்போன காளைக்கன்று வளர்ப்பவருக்குச் சுமையாகி விற்கப்படுகிறது. கறவை வற்றிய மாட்டின் கதியும் அதுவே. பட்டுக்கும் இதே கணக்கு பொருந்தும்: நூல் அறுபடாமல் எடுக்க, புழு உள்ளே இருக்கும்போதே கூடுகள் கொதிநீரில் இடப்படுகின்றன.

வீகன் வாழ்வுக்கு வேண்டியவற்றில் பெரும்பகுதி கடைமடைச் சமையலறையில் முன்பே இருக்கிறது. நல்லெண்ணெய், இடியாப்பத்துக்குத் தேங்காய்ப்பால், வத்தக்குழம்பு, ரசம், சுண்டல், கீரை மசியல், எள்ளுருண்டை, வெல்லக் கொழுக்கட்டை, மோருக்குப் பதில் நீராகாரம், பால் காப்பிக்குப் பதில் சுக்குமல்லிக் காப்பி என்று மாற்றங்கள் எளியவை. உடலுக்கு வேண்டிய வைட்டமின் பி12 மட்டும் தாவர உணவில் போதிய அளவு கிடைக்காது. அதை மாத்திரையாகவோ செறிவூட்டிய உணவாகவோ எடுத்துக்கொள்ள வேண்டும். உடைக்குப் பருத்தி இருக்கிறது.

இந்நெறியைக் கைக்கொள்பவர் மீன் விற்கும் பெண்ணையோ, கறவை மாட்டை நம்பி வாழும் குடும்பத்தையோ தாழ்வாகப் பார்த்தால், சாதி செய்த அதே பிழையைத் திரும்பச் செய்தவராவார். அமுதசுரபியும் தருமச்சாலையும் சொல்லும் பாடம் தெளிவானது: தன் இலையிலிருந்து கொலையை விலக்குவது பாதி அறம், பிறர் இலையில் சோறு இருக்கிறதா என்று பார்ப்பது மீதிப் பாதி. இரண்டையும் சேர்த்துச் செய்பவரே இம்மரபின் உண்மையான வாரிசு.