அறுவைக் கருவிகள்: மறுபயன்பாடும் மருத்துவக் கழிவும்

கத்தரிக்கோல், இடுக்கி போன்ற எஃகுக் கருவிகளைக் கழுவி, நீராவியில் கிருமி நீக்கித் திரும்பப் பயன்படுத்துவதே அறுவைக்கூடங்களின் நெடுநாள் வழக்கம். நெகிழி மலிந்தபின், ஒருமுறை பயன்படுத்தி எறியும் கருவிகள் மேலைநாடுகளில் பெருகின. ஊசி, சிரிஞ்சு, கத்தி அலகு ஆகியவற்றை எறிந்தே ஆகவேண்டும்; எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமிகள் அவற்றின் வழியே பரவும். மற்றவற்றில் எறிவதே பாதுகாப்பு என்று சொல்லிவிட முடியாது. பிரியான் என்னும் பிறழ்ந்த புரதத்தால் பரவும் மூளை நோய்க்கு அஞ்சி, 2001இல் இங்கிலாந்தில் டான்சில் அறுவைக்கு ஒருமுறைக் கருவிகள் புகுத்தப்பட்டன. இரத்தப்போக்குச் சிக்கல்களால் அவ்வாண்டு இறுதிக்குள் அவை கைவிடப்பட்டன.

மறுபயன்பாட்டுக்குத் தலைசிறந்த சான்று, 1976இல் மருத்துவர் கோ. வெங்கடசாமி மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை. அங்கே ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசைகள். ஒன்றில் கண்புரை அறுவை நடக்கும்போதே, மற்றதில் அடுத்த நோயாளி தயாராகிறார். முடிந்த கருவித் தொகுதி கழுவப்பட்டு, குறுகிய நேர ஆட்டோகிளேவுக்குள் போகிறது. அதற்குள் வேறொரு தொகுதி வந்துவிடுகிறது. 2017இல் வெளியான ஆய்வின்படி, மீயொலியால் கண்புரையை உடைத்தெடுக்கும் ஒரு பேக்கோ அறுவைக்கு அங்கே சேரும் கழிவு சுமார் 250 கிராம். கரியமில உமிழ்வு சுமார் 6 கிலோ. பிரிட்டனின் கார்டிஃப் நகரில் அதே அறுவைக்கு உமிழ்வு சுமார் 180 கிலோ. அரவிந்தில் கண்ணுள் தொற்று ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. குப்பை குறைந்தால் நோயாளிக்கு ஆபத்து கூடும் என்ற வாதம் இதன்முன் நிற்காது.

ஆனால் கழுவுவதில் சிறு சலுகையும் கூடாது. நுண்குழாய்க் கருவிகளின் உள்ளே சோப்புக் கரைசல் மிச்சமிருந்தால், கிருமியே இல்லாவிட்டாலும் கண்ணில் கடும் அழற்சி உண்டாகும்.

எஞ்சும் கழிவுக்கு இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் உயிர்மருத்துவக் கழிவு விதிகள் பொருந்தும். இரத்தம் தோய்ந்த பஞ்சும் திசுவும் மஞ்சள் பையில், குழாய், கையுறை சிவப்பில், ஊசியும் அலகும் துளைபடாத வெள்ளைக் கலத்தில், கண்ணாடி நீலத்தில். மஞ்சள் பை பெரும்பாலும் எரிப்பதற்கு, சிவப்பு மறுசுழற்சிக்கு. கலந்து கொட்டினால் எல்லாமே தொற்றுக்கழிவாகிவிடும் என்பதால், உண்டாகும் இடத்திலேயே பிரித்தாக வேண்டும். சுத்திகரிக்காத கழிவைப் பொதுவாக 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. பெரிய மருத்துவமனைகளுக்கு மட்டுமன்றி, காஞ்சிபுரம் மாவட்டத் தாமல் போன்ற ஊர்களில் நடத்தப்படும் தடுப்பூசி, இரத்ததான முகாம்களுக்கும் இவ்விதிகள் பொருந்தும்.