பெரியகுளம் 1971: முஸ்லிம் லீக்கும் கூட்டு வாக்காளர் தொகுதியும்

இசுலாமிய அரசியல் இயக்கங்களுக்கும் மக்களாட்சிக்கும் உள்ள உறவு பெரும்பாலும் எகிப்து, துருக்கி போன்ற நாடுகளை முன்வைத்தே ஆராயப்படுகிறது. முஸ்லிம்கள் சிறுபான்மையினராக வாழும் நிலத்தில் அவ்வுறவு வேறு வடிவம் கொள்கிறது. கம்பம் பள்ளத்தாக்கை உள்ளடக்கிய பெரியகுளம் நாடாளுமன்றத் தொகுதி அதற்கொரு சான்று.

1948 மார்ச் 10 அன்று சென்னையில் உருவான இந்திய யூனியன் முஸ்லிம் லீக்கை இசுலாமியவாதக் கட்சி என வகைப்படுத்துவது பொருந்தாது. மௌதூதியின் சிந்தனையில் இறையாண்மை இறைவனுக்கே உரியது. அவ்வழிவந்த ஜமாஅத்தே இசுலாமி ஹிந்த் தன் உறுப்பினர்களை நெடுங்காலம் வாக்களிப்பிலிருந்து விலக்கியே வைத்திருந்தது. லீக் எழுப்பியதோ பிரதிநிதித்துவ முறை பற்றிய வினா. 1949 மே மாதம் அரசியல் நிர்ணய சபையில் அதன் தலைவர் முகம்மது இசுமாயில் தனி வாக்காளர் தொகுதி கோரினார். பிறர் வாக்கால் வெல்பவர் தம் சமூகத்தின் குரலாக இருக்க இயலாது என்பதே அக்கோரிக்கையின் உட்கிடை. சபை அதனை ஏற்கவில்லை. பின்னர் 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களிலும் இசுமாயில் நாடாளுமன்றம் சென்றது முஸ்லிம்கள் மிகுந்த கேரளத்து மஞ்சேரியிலிருந்து என்பது கருதத்தக்கது.

பெரியகுளம் மஞ்சேரி அன்று. இங்கு முஸ்லிம் வாக்குகள் மட்டும் எவரையும் வெற்றிபெறச் செய்யா. ஆயினும் 1967இல் சுதந்திராக் கட்சி வேட்பாளர் எச். அஜ்மல்கான் வென்றார், 1971இல் தி.மு.க. கூட்டணியில் லீக்கின் எஸ்.எம். முகம்மது செரீப் வென்றார். இராமநாதபுரத்தின் முன்னாள் உறுப்பினரான செரீப், 1974 சூலையில் கச்சத்தீவு ஒப்பந்தத்தை மக்களவையில் எதிர்த்தவர்களுள் ஒருவர். அங்கு ஒலித்தது சமயக் குரலன்று. கடற்கரைத் தமிழர் குரல்.

இதனைக் கொண்டு இசுமாயிலின் அச்சம் பொய்த்தது எனக் கூறிவிடலாமா? முழுமையாக இயலாது. செரீபுக்குத் தொகுதியை அளித்தது கூட்டணிப் பங்கீடு, 1977இல் அ.இ.அ.தி.மு.க. அலையில் தொகுதி கைமாறியபின் லீக் அங்கு மீண்டும் வென்றதில்லை. எனினும், வேட்பாளரின் சமயம் தடையாக இருந்தது என்று கொள்ளவும் இடமில்லை. 2004இல் பெரியகுளத்திலும், மறுசீரமைப்புக்குப்பின் 2009இல் தேனியிலும் வென்ற ஜே.எம். ஆரூண் ரசீத், காங்கிரசின் கை சின்னத்தில் நின்றவர்.