தணலில் வெந்த பாண்

அயர்லாந்து என்றதும் இலக்கிய நேயர்களுக்கு யேட்ஸும் ஜேம்ஸ் ஜொய்ஸும் நினைவுக்கு வருவர். நான் இன்று அந்நாட்டுக் கிராமத்து அடுப்படியைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன்.

பழைய அயர்லாந்தின் உணவு ஓட்ஸும் வாற்கோதுமையும் பாலுமே. ஓட்ஸ் மாவை மெல்லிய ரொட்டியாகத் தட்டி நெருப்பருகே வாட்டி எடுப்பர். கோடையில் பால், தயிர், வெண்ணெய், பாற்கட்டி ஆகியவை பெருகும். இவற்றை 'வெள்ளை உணவுகள்' என்று பொருள்படும் பெயரால் அழைத்தனர். அந்தப் பெயரின் அழகை நான் பலமுறை வியந்ததுண்டு.

தென் அமெரிக்காவிலிருந்து வந்த உருளைக்கிழங்கு இந்நிலையை மாற்றியது. விளைந்த தானியம் நிலக்குத்தகைக்குப் போக, சிறு துண்டு நிலத்தில் விளைந்த கிழங்கும் மோருமே ஏழைக்கு எஞ்சின. உழைப்பாளி ஒருவர் நாளொன்றுக்கு 5 கிலோவுக்கு மேல் கிழங்கு உண்டார். 1845இல் பயிரைக் கருகல் நோய் தாக்கியது. தொடர்ந்த பஞ்சத்தில் ஏறத்தாழ 10 இலட்சம் பேர் மாண்டனர். ஏறத்தாழ அத்தனை பேர் நாட்டைவிட்டு வெளியேறினர். கொடுமை என்னவெனில், அக்காலத்திலும் ஓட்ஸ் கப்பலேறிக்கொண்டிருந்தது.

இன்று அயர்லாந்தின் அடையாளமாகப் போற்றப்படும் சோடாப் பாண், அப்பச்சோடா புழக்கத்துக்கு வந்த 1830களை ஒட்டித் தோன்றியது. பஞ்சத்துக்குப் பிந்திய காலத்தில், கோதுமை மா எளிதாகக் கிடைக்கத் தொடங்கியதும், அது கிராமமெங்கும் பரவியது. அந்நாட்டின் ஈரக் காலநிலையில் விளைந்த கோதுமை மென்மையானது. ஈஸ்ட் சேர்த்துப் பொங்கவைக்கும் பாணுக்கு அவ்வளவாக ஏற்றதன்று. வெண்ணெய் கடைந்தபின் மிஞ்சிய மோரோ வீட்டிலேயே இருந்தது. மோரின் புளிப்பும் அப்பச்சோடாவும் சேர, எழும் காபனீரொட்சைட்டு வாயு மாவை உப்பச் செய்தது. நெடுநேரம் பிசையவும் வேண்டியதில்லை. புளிக்கக் காத்திருக்கவும் வேண்டியதில்லை.

பல குடிசைகளில் போறணை இல்லை. கனத்த இரும்புச் சட்டியில் மாவை இட்டு, மேலே கத்தியால் சிலுவைக்கோடு கீறி மூடுவர். சதுப்பு நிலத்தில் வெட்டி உலர்த்திய கரிமண்ணின் தணலை மூடியின் மீதும் பரப்புவர். அந்தக் கீறல் நடுப்பகுதி நன்கு வேக உதவும். அதையே வீட்டுக்கான ஆசியாகக் கருதியவர்களும் உண்டு.

வகுப்பில் 'மரபு' என்ற சொல்லை விளக்கும்போது இந்தப் பாண் என் நினைவுக்கு வருகிறது. இருநூறு ஆண்டுகூட நிரம்பாத பண்டம் இது. போறணையும் ஈஸ்டும் இல்லாத கைகள் இருந்ததைக் கொண்டு சமைத்தன. பிள்ளைகள் அதையே தாய்வீட்டு மணமாக நினைவில் வைத்தனர்.