கரை கடந்த பிறகு: தொலைக்காட்சிப் புயலும் எர்ணாவூரும்

டிஸ்கவரி தொலைக்காட்சி 2007 முதல் 2011 வரை ஒளிபரப்பிய ‘ஸ்டார்ம் சேசர்ஸ்’ தொடர், புயல் துரத்தலைப் பொழுதுபோக்கு வடிவமாக நிலைநிறுத்தியது. அதன் களம் அமெரிக்கச் சமவெளி, துரத்தப்படுவது டொர்னேடோ. பெரும்பாலும் சில நிமிடங்களில் மறைந்துவிடும் அந்தச் சூறைச்சுழலைத் தேடித்தான் போக வேண்டும். ஆகவே துரத்தலுக்கு அங்கே அறிவியல் நியாயம் உண்டு. தொடரில் இடம்பெற்ற டிம் சமாரஸ், 2003இல் தெற்கு டக்கோட்டாவில் ஒரு சுழலின் பாதையில் வைத்த கருவி சுமார் 100 மில்லிபார் அழுத்த வீழ்ச்சியைப் பதிவு செய்தது. தொடரோ அளவீடுகளைவிடக் கவச வண்டிகளையும் குழுக்களின் போட்டியையுமே முன்னிறுத்தியது. வெறும் வானத்தைப் பார்த்துக் கழிந்த நாட்களைப் படத்தொகுப்பு விழுங்கிவிட்டது. 2013 மே 31 அன்று ஓக்லஹோமாவின் எல் ரீனோவில் சமாரஸ் தம் மகனோடும் சக ஆய்வாளரோடும் சுழலில் சிக்கி இறந்தார்.

வங்கக் கடல் புயலைத் துரத்தத் தேவையில்லை. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலத்தில், பல நாட்கள் முன்னறிவிப்போடு அதுவே வருகிறது. இருந்தும் நம் செய்தி அலைவரிசைகள் துரத்தல் நாடகத்தின் கட்டமைப்பையே கைக்கொண்டிருக்கின்றன: மழைக்கோட்டில், காற்றை எதிர்த்துச் சாய்ந்து நிற்கும் செய்தியாளர், திரையின் மூலையில் தூரக் கணக்கு, உச்சக்கட்டமாகக் கரை கடத்தல். துறைமுகத்தில் ஏற்றப்படும் கூண்டு எண், கப்பல்களுக்கான எச்சரிக்கை. திரையில் அது ஆட்டத்தின் ஸ்கோர்போல ஏறுகிறது. (சென்னையின் உண்மையான புயல் துரத்திகள், ரேடார் படத்தைப் பார்த்தபடி வீட்டில் உட்கார்ந்திருக்கும் மழை ஆர்வலர்கள்தாம். அவர்களை வைத்து யாரும் ரியாலிட்டி ஷோ எடுக்கமாட்டார்கள்.)

இந்தக் கட்டமைப்பு எப்போதும் பொய்த்துவிடுவதில்லை. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னை அருகே கரை கடந்தபோது சேதமும் காட்சியும் ஒரே இடத்தில், ஒரே பிற்பகலில் நிகழ்ந்தன. காற்றின் கோரத்தைத் திரையில் பார்த்தே வீட்டுக்குள் இருந்தவர்கள் பலர். அந்தப் பயனை மறுப்பதற்கில்லை.

2023இன் மிக்ஜாம் புயல் வேறு வகை. சென்னையில் பெருமழை கொட்டியது டிசம்பர் 3, 4 தேதிகளில். புயல் கரை கடந்தது 5ஆம் தேதி, ஆந்திரத்தின் பாபட்லா அருகே. வடசென்னையின் எர்ணாவூருக்கு வந்த தீங்கு இந்த இரண்டு நேரங்களிலும் அடங்கவில்லை. மணலியிலிருந்து வெள்ளத்தோடு கலந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரத்தை அடைந்தது. கால்வாயோரக் குடியிருப்புகளுக்குள் புகுந்தது. படகு, வலை எல்லாவற்றிலும் அப்பியது. மீனவர்கள் குவளையாலும் வாளியாலும் அதை அள்ளினார்கள். மணலியிலுள்ள சிபிசிஎல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வளாகத்தில் மழைநீர் மேலாண்மை போதாமையே காரணம் என மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கண்டறிந்தது. குழாய்க் கசிவு ஏதுமில்லை என்றது நிறுவனம். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது.

எண்ணெய்ச் செய்தியும் தொலைக்காட்சியில் வந்தது, ஆனால் புயலிலிருந்து பிரிக்கப்பட்ட தனிச் செய்தியாக. என் வாதம் இந்தப் பிரிப்பைப் பற்றியது. துரத்தல் வடிவத்தில் வினை புரிவது காற்று மட்டுமே. மனிதர்கள் அதைப் பார்ப்பவர்கள், அல்லது அதில் சிக்குபவர்கள். ஆலை வளாகத்தின் வடிகாலும் தூர்ந்த கால்வாயும் கதையில் பாத்திரம் ஆவதில்லை. கரை கடந்ததும் கதை முடிகிறது. பொறுப்பும் அத்தோடு கரைகிறது.

கேமரா நிற்கும் மெரினா மணலிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. நம் கரையோரமாக மணல் ஆண்டு முழுவதையும் கணக்கிட்டால் தெற்கிலிருந்து வடக்காகவே நகர்கிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த சென்னைத் துறைமுகச் சுவர்கள் அதைத் தடுத்தன. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் முதல் எண்ணூர் வரை கடல் கரையைத் தின்றது. இன்று எர்ணாவூரில் கடலை மறிப்பது கருங்கல். செய்தியாளர் புயலைக் காட்ட நிற்கும் பரந்த மணலில் ஒரு பகுதி, வடசென்னைக்குப் போய்ச் சேராத மணல். அங்கிருந்து பார்த்தால் அலையின் உயரம் தெரியும். அரிப்பின் வரலாறு தெரியாது.

செய்தியாளர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்களை அங்கே அனுப்புவது இந்த வடிவம். புயல் செய்தியின் தரத்தை அளக்க முனையும் ஆய்வாளர்கள், கரை கடந்த நாளின் நேரலையைவிட, அதற்கடுத்த இரண்டு வாரச் செய்தித் தொகுப்புகளை முதலில் எடுத்துப் பார்க்க வேண்டும்.