ஈய எழுத்தும் நத்தைப் பந்தயமும்

போன வாரம் கரும்புக்குச் சோகை உரிச்சுட்டு வந்து திண்ணையில உக்காந்தேன். பேத்தி 'எங்கள் கிராமம்'ங்கற கட்டுரையை நோட்ஸ் பார்த்து மனப்பாடம் பண்ணிட்டிருந்தா. அதுல ஒரு ஓடை சலசலன்னு ஓடுது. எங்க ஊர் ஓடையில தண்ணி வந்து வருசக்கணக்காச்சு. "ஏனம்மணி, இது நம்ம ஊரா?"ன்னேன். "மார்க்குக்குத்தானுங்க அப்பாரு"ன்னா.

அப்பத்தான் எனக்கு ஃபிரான்ஸ் நாட்டு வாத்தியார் ஒருத்தர் நினைவுக்கு வந்தார். பெயர் செலஸ்தேன் ஃப்ரெனே. 1896இல் பிறந்தவர், நம்மைப் போல விவசாயக் குடும்பம், சின்ன வயசில் ஆடு மேய்த்தவர். முதல் உலகப் போரில் நெஞ்சில் குண்டடி பட்டு நுரையீரல் கெட்டுப்போனது. 1920இல் தெற்கு ஃபிரான்சில் பார்-சுர்-லூ என்ற மலைக் கிராமத்துப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தார். வகுப்பில் நெடுநேரம் பேச மூச்சு இல்லை. அதனால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வயலுக்கும் பட்டறைக்கும் நடந்தார். திரும்பி வந்து பார்த்ததைச் சொல்லச் சொன்னால், அதுகள் வாய் மூடவில்லை. ஆனால் பாடப்புத்தகத்தைத் திறந்ததும் அந்த உயிர் போய்விட்டது.

1924 வாக்கில் ஒரு சின்னக் கை அச்சு இயந்திரம் வாங்கினார். பிள்ளைகள் சொன்னதை, எழுதினதை, அவர்களே ஈய எழுத்தாகக் கோத்து அச்சடித்தார்கள். வகுப்பில் நத்தைகளுக்குப் பந்தயம் விட்டதுகூட ஒரு பாடமானது. ஒவ்வொரு எழுத்தையும் கையால் பொறுக்கிக் கோக்கும்போது பிழையும் வெட்டிச் சொல்லும் தானே கண்ணில் படும். அச்சான தாள் வீட்டுக்குப் போகும், அப்பன் ஆத்தா படிப்பாங்க.

1926இல் இன்னொரு படி. நாட்டின் மறு கோடியில், பிரித்தானி கடலோரத்தில் ட்ரெகன்க் என்ற ஊர். அங்கே இருந்த ரெனே தானியேல் என்ற வாத்தியாரின் பிள்ளைகளுக்கு இந்தத் தாள்கள் தபாலில் போயின. அங்கிருந்து மீன்பிடிக் கதைகள் வந்தன. மலைப் பிள்ளைகளுக்கு வலையும் படகும் தெரியாது. கடல் பிள்ளைகளுக்கு ஆரஞ்சுப் பூ பறிக்கிறது தெரியாது. தெரியாதவனுக்குப் புரியற மாதிரி எழுத வேண்டிய கட்டாயம் அங்கேதான் வந்தது. பிறகு பிள்ளைகள் எழுதியதையெல்லாம் சேர்த்து ஒரு பத்திரிகை நடத்தினார்கள். பெயர் 'லா ஜெர்ப்'. கதிர்க்கட்டுன்னு அர்த்தம். விவசாயி வீட்டுப் பிள்ளை வெச்ச பேரு பாருங்க!

நிஜமான வாசகர் வந்தால் நிஜமான தொல்லையும் வரும். அப்போது ஃப்ரெனே சான்-போல் ஊருக்கு மாறியிருந்தார். ஒரு பையன் தான் கண்ட கனவை எழுதினான். கனவில் ஊர் மேயரை எதிர்த்து வகுப்பே கிளம்புகிறது, கடைசியில் மேயர் சாகிறார். அதுவும் அச்சானது. 1932 கடைசியில் ஊரில் அவருக்கு எதிராகச் சுவரொட்டி முளைத்தது. 1933இல் அந்தப் பள்ளியை விட்டுப் போக வேண்டியதாயிற்று. 1935இல் வான்ஸ் ஊரில் சொந்தமாகப் பள்ளி தொடங்கினார். 1966இல் அந்த ஊரில்தான் இறந்தார்.

இதெல்லாம் எனக்குப் புதுசு இல்லீங்க. நான் அஞ்சாவது படிச்சப்போ, பக்கத்துத் தோட்டத்து ஆத்தா பட்டாளத்துல இருந்த மகனுக்கு என்னைத்தான் கடுதாசி எழுதச் சொல்லும். "மாடு கன்னு போட்டுச்சு"ன்னு எழுதுவேன். "கெடாரியா காளையான்னு எழுது கண்ணு, இல்லாட்டி அதைக் கேட்டு அவன் ஒரு கடுதாசி போடுவான்"னும். எழுதி முடிச்சு வாசிச்சுக் காட்டோணும். வாசிக்கறப்போ எது விட்டுப்போச்சுன்னு எனக்கே தெரியும். பள்ளிக்கூடத்துல பசுவைப் பத்தி நான் எழுதின கட்டுரையை யாரும் ஒரு கேள்வி கேட்டதில்லை.

பேத்திகிட்ட சொன்னேன், "மார்க்குக்கு அதை எழுதிக்கோ. சென்னையில இருக்கற உன் அத்தை மகளுக்கு நம்ம ஓடையைப் பத்தி ஒரு கடுதாசி எழுது." பேனாவை எடுத்தவ ரெண்டு வரியில நின்னுட்டா.

"அப்பாரு, சீமைக்கருவேலம்னா அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது அம்மணி. நீதான் சொல்லோணும்."

எந்திரிச்சு ஓடைப் பக்கம் போனா, முள்ளைப் பார்க்க.